கதவை முதலில் பார்த்தவள்

டீ வேண்டாம், தண்ணீரே போதும். டீ குடித்தால் எனக்குப் பேச்சு வேகமாகிவிடும். நீங்கள் எழுதிக்கொள்வதற்குள் நான் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவேன். பிறகு சொன்னது ஒன்று, எழுதியது வேறொன்று என்று ஆகிவிடும். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

நீங்கள் நீட்டிய தாளைப் படித்துவிட்டேன் மேடம். புகாருக்கு ஆதாரம் இல்லை, விசாரணை முடிக்கப்படுகிறது, இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் குறை இல்லை என்று நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'மேற்படி கருத்து இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது உருவானது' என்று. அது அப்படி உருவாகவில்லை. தவறான வாக்கியத்தின் கீழே நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. நீங்கள் உட்காரச் சொன்னதும் நான் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். மனசாட்சி உறுத்தியது, அழுதாள் என்றெல்லாம் தயவுசெய்து எழுத வேண்டாம்.

எங்கள் துறையில் என்னை மேற்கோள் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து மேற்கோள் அக்கா என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் எங்கே படித்தாய் என்று கேட்கிற பழக்கம் எனக்கு. வீட்டில் அம்மா பக்கத்து வீட்டுச் சமாசாரத்தை ஆரம்பித்தால்கூட யார் சொன்னது, நீ நேரில் பார்த்தாயா என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிடுவேன். உன்னிடம் வம்பு பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று அலுத்துக்கொள்வாள்.

புதிய ஆய்வு மாணவர்களுக்கு எழுத்துத் திருட்டைப் பற்றி வகுப்பெடுப்பது நான்தான். நன்றாகவே எடுப்பேன். ஒரு பத்தியைத் திரையில் காட்டி, இதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்பேன். 'பெரிய' என்பதை 'மிகப் பெரிய' ஆக்கி, 'ஆகவே' என்பதை 'எனவே' ஆக்கி, வேலை முடிந்த திருப்தியோடு நீட்டுவார்கள். திருடிய சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்தால் சைக்கிள் உங்களுடையதாகிவிடுமா என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். வார்த்தையை மாற்றினால் போதாது, யோசனையும் ஒருவருடைய உடைமைதான் என்பேன். கடைசியாக ஒரு ஸ்லைடு உண்டு. ஒரு யோசனை புத்தகத்திலிருந்து வராமல், மாடிப்படியில் யாரோ பேசியதிலிருந்து வந்தால் என்ன செய்வது என்பது பற்றி. அதற்கும் அடிக்குறிப்பு போட வேண்டும். நேரில் பேசியது என்று எழுதி, பேசியவர் பெயரையும் தேதியையும் போட வேண்டும். பலருக்கு இது தெரியாது. போன முறை அந்த ஸ்லைடை நான் காட்டவில்லை. நேரம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

மற்றவர்களின் ஆய்வேடுகளை மென்பொருளில் போட்டு, எது எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சான்று கொடுப்பதும் என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. நான் செய்வேன் என்று எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஓயாமல் பேசுவதால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடும் என் தோழியை நீங்கள் போன வாரம் இதே நாற்காலியில் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்தது வேறு ஆள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். முன்பு காலையில் அறைக்குள் வரும்போதே பாதி வாக்கியத்தோடு வருவாள். முதல் பாதியை வழியில் யாரிடமாவது சொல்லி முடித்திருப்பாள். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, அடுத்தடுத்து மேசை, நடுவில் ஒரே ஒரு பிளக். அவள் பேசிக்கொண்டே என் லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகுவாள். நான் கத்துவேன். அவள் அதையும் ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்வாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே நெறியாளர், ஒரே திட்டம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் பலர் முடிவை வாங்க ஏன் திரும்பி வருவதில்லை என்பதுதான் கேள்வி. நான் நோயாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து விவரம் சேகரிக்க வேண்டும். அவள் மருத்துவமனைகளில் உட்கார்ந்து, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் கட்டுக்கட்டாகத் தாள்களோடு திரும்புவேன். அவள் வெறுங்கையோடு வருவாள். எழுதிக்கொண்டாயா என்று கேட்டால், கண்ணால் பார்த்ததை எதற்கடி எழுத வேண்டும் என்பாள்.

என் ஆய்வேடு பெரிதாக இருந்தது. அட்டவணைகள் எல்லாம் கூட்டினால் சரியாக வரும். ஒரு மேற்கோளில்கூடப் பக்க எண் விடுபட்டிருக்காது. நெறியாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எழுதிக்கொள்ளலாம், இது உண்மை.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம், சாப்பிட்டு முடித்து நடைபாதைக் குழாயில் டப்பா கழுவிக்கொண்டிருந்தோம். ரேடியோவுக்கு நிறைமாதம். குனிய முடியாததால் அவள் டப்பாவையும் நான்தான் கழுவினேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் பாதிதான் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தனி ரூம் இருக்கே, அதுதான்டி பிரச்சனையே" என்றாள்.

எந்த ரூம் என்று கேட்டேன்.

"ரிசல்ட் சொல்றதுக்குன்னு புதுசா கட்டி வச்சிருக்காங்களே, அது. ரிசல்ட் நல்லா இருந்தா கவுன்ட்டர்லயே சொல்லி அனுப்பிடறாங்க. மோசமா இருந்தா மட்டும் 'கொஞ்சம் உள்ள வாங்க'ன்னு அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வெளிய உட்கார்ந்திருக்கற அத்தனை பேரும் அதைத்தான் பார்த்துட்டு இருக்காங்க. அந்தக் கதவு திறந்தாலே எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. நோய்க்குப் பயந்து வராம இல்லடி. கதவுக்குப் பயந்து வரல. அந்தப் பழைய ஆஸ்பத்திரியில ஊசி போடற இடத்துலயே நல்லது கெட்டது ரெண்டையும் காதோட சொல்லி அனுப்பறாங்க பாரு, அங்க எல்லாரும் திரும்பி வராங்க."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு, இடுப்பு வலிக்கிறது, நாற்காலியில் உட்கார வேண்டும் என்று போய்விட்டாள். நான் டப்பா மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. அதே பெஞ்சில் நானும் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதவு என் கண்ணெதிரே திறந்து மூடியிருக்கிறது. இன்னும் சொல்லப்போனால் என் கேள்வித்தாளிலேயே ஒரு கேள்வி இருந்தது, முடிவைத் தனியாகச் சொல்ல வசதி இருக்கிறதா என்று. பலர் 'ஆம்' என்று குறியிட்டிருந்தார்கள். 'ஆம்' என்றால் நல்லது என்று நான் மதிப்பெண் போட்டு வைத்திருந்தேன். மேசைக்குப் போய் அந்த அட்டவணையைத் திறந்தேன். எங்கெல்லாம் 'ஆம்' அதிகமோ அங்கெல்லாம் திரும்பி வந்தவர்கள் குறைவு. எல்லா மருத்துவமனையிலும் அப்படித்தான். ஆதாரம் முழுவதும் என்னிடம் இருந்தது மேடம், நானே வெயிலில் அலைந்து சேகரித்தது. அவளிடம் இருந்தது சுவரில் சாய்ந்து சொன்ன நாலு வாக்கியம். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து அவள் விடுப்பில் போய்விட்டாள். நான் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. 'நேரில் பேசியது' என்ற அடிக்குறிப்பை எந்த இடத்தில் போடுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். கட்டுரை முழுவதும் முடிந்த பிறகு அடிக்குறிப்புகளைச் சேர்ப்பது என் வழக்கம். அதற்குள் நெறியாளர் வரைவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரே என் அறைக்கு வந்தார். அவர் எந்த மாணவரின் அறைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ரேடியோவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அந்த முகத்தில் அந்த வெளிச்சத்துக்காகத்தான் காத்திருந்தேன். "உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன் சார்" என்றேன். அதுவும் பொய் இல்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த அடிக்குறிப்பைப் போட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கட்டுரையை மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். எதனோடும் ஒத்துப்போகவில்லை. சுத்தமாக இருந்தது. நல்ல இதழில் வெளிவந்தது. அம்மா என் போனை வைத்துவிட்டுச் சொந்தக்காரர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னாள். யார் சொன்னது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

குழந்தையைப் பார்க்க ரேடியோ வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு, கொடி முழுக்கத் துணி. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வெளியூர் வேலையிலேயே அதிகம் இருப்பவர். மாமியாருக்கு முழங்கால் வலி. குழந்தை தூங்கவே தூங்காத ரகம். ரேடியோ உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவள் வெறும் டம்ளரோடு வந்து நின்று, எதற்குப் போனேன் என்று என்னிடமே கேட்டாள். பால் பவுடர் டப்பாவைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு அன்று காலை முழுவதும் தேடியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் கட்டுரை வந்திருக்கிறது என்று சொன்னேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். படிக்கிறேன்டி, நேரம் கிடைக்கட்டும் என்றாள். எதைப் பற்றிய கட்டுரை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. பட்டம் கையில் கிடைத்ததும் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். அதனால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆய்வேட்டை அவசர அவசரமாக எழுதி முடித்தாள். முடித்ததும் வேறு யாரிடம் கொடுப்பாள், என்னிடம்தான் கொடுத்தாள். நான்தான் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். நான்காவது இயல் முழுவதும் அந்தக் கதவு. என் கட்டுரையில் இருந்த அதே மூன்று மருத்துவமனைகள், ஏறக்குறைய அதே வரிசை. என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். நான் பல பத்திகளில் சுற்றி வளைத்ததை ஒரு பத்தியில் சொல்லியிருந்தாள். ஆனால் சொல்லுக்குச் சொல் ஒற்றுமை எதுவும் இல்லை. அப்படியே சான்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சான்றில் ஒரு தவறும் இல்லை, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்பீர்கள். எப்படி எச்சரிப்பது? 'இந்த இயலை எடுத்துவிடு' என்றால் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டால் அதற்குப் பிறகு எந்த நாளும் சரியான நாள் இல்லை. யாரும் கவனிக்காமல் போய்விடலாம் என்று நம்பினேன். ஆய்வேடுகளை யார் மேடம் கடைசிவரை படிக்கிறார்கள்?

வெளித்தேர்வாளர் படித்தார். என் கட்டுரையை அந்த இதழுக்காக மதிப்பிட்டவரே அவர்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்காவது இயலின் வாதம் ஏற்கெனவே வெளியானது, மூலத்தைக் குறிப்பிடவில்லை, இது கருத்துத் திருட்டு என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டார். முதல் குழு கூடியது. நீங்கள் அப்போது இல்லை.

அன்றுதான் ரேடியோ என் கட்டுரையைப் படித்திருக்கிறாள். கையில் அச்செடுத்த தாள்களோடு அறைக்கு வந்தாள். சண்டை போட வருகிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, "இது நான் உன்கிட்ட சொன்னதுதானேடி?" என்றாள். குற்றம் சாட்டவில்லை மேடம், கேட்டாள். அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். தோளில் குழந்தை பால் கக்கிய கறை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீ சொன்னியா?"

அவள் யோசித்தாள். குழாயடியில் டப்பா கழுவும்போது என்று ஆரம்பித்தாள். நீ அன்று டப்பா கழுவவில்லையே, நான்தானே கழுவினேன் என்றேன். அது உண்மை. அவள் குழம்பினாள். என் கேள்வித்தாளில் தனி அறை பற்றிய கேள்வியை நான் எப்போது சேர்த்தேன் என்று எடுத்துக் காட்டினேன். அவள் அந்தக் கதவு இருந்த மருத்துவமனைக்குப் போவதற்கு வெகுநாள் முன்பே சேர்த்திருந்தேன். அதுவும் உண்மை. "எனக்கு இப்பல்லாம் எதுவுமே ஞாபகம் நிக்கறதில்லடி" என்றாள். பிறகு வகுப்பில் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். கேட்டது மனதில் தங்கிவிடும், யார் சொன்னார்கள் என்பது மட்டும் மறந்துபோகும், கொஞ்ச நாளில் அது தன் யோசனை மாதிரியே எழுந்து வரும், படித்தவர்கள் நிறையப் பேருக்கு இப்படி நடந்திருக்கிறது, இதில் யார் மேலும் குற்றம் இல்லை என்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஒரே நாளில் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் வந்தாள், தினமும் அதே கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, கூடவே இவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

குழுவிடம் மறதியால் நேர்ந்த பிழை என்று எழுதிக் கொடுத்தால் எச்சரித்து விட்டுவிடுவார்கள், இயலைத் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள் என்று சொன்னேன். அப்படித்தான் நடக்கும் என்று நானும் நம்பினேன். அவளுக்கு எழுத வரவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அந்த மன்னிப்புக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என் எழுத்து, கீழே அவள் கையெழுத்து. அதை எந்த மென்பொருளிலும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

கடிதம் வந்ததும் குழுவுக்கு வேலை சுலபமாகிவிட்டது. அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளே. அவள் ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெறியாளரிடம் போய் அவளுக்காகக் கெஞ்சினேன். இப்படி ஒரு தோழி கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் எனக்குப் பட்டம் கிடைத்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் கணவர் புகார் கொடுத்தார். அவர் அதிகம் பேசாதவர், மனைவி அனுப்பும் குரல் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பவர். ஏதோ ஊரில் லிஃப்ட் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தபோது பழையவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். போன வாரம் நீங்கள் அதை இந்த அறையில் போட்டுக் காட்டினீர்கள். குழாயடியில் பேசிய அன்று சாயந்திரம் அனுப்பியது. அதே கதவு, அதே வாக்கியங்கள், நடுநடுவே சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு மறந்தே போயிருந்தது. என் கட்டுரைக்கு வெகுநாள் முந்தைய தேதி. எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தண்ணீரைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு பக்கம் அப்பாடா என்றுகூட இருந்தது.

ரேடியோ தன் குரலைக் கடைசிவரை கேட்டாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். "அன்னைக்குக் காலையில இவ சொல்லியிருப்பா மேடம். கேட்டதைத்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கு" என்றாள். அவள் கணவர் தரையைப் பார்த்தார். நீங்கள் பேனாவை மூடினீர்கள். நான் தண்ணீரைக் குடித்தேன். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். அவளே சொல்லும்போது நடுவில் புகுந்து மறுப்பது அவளை அவமானப்படுத்துவதாகாதா என்று தோன்றியது.

ஆகவே உங்கள் தாளில் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். அந்தக் கதவை முதலில் பார்த்தவள் அவள். நான் பார்க்கவில்லை. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன், தெரிந்தே சான்று கொடுத்தேன், உன்னுடையது இல்லை என்று அவளைத் தெரிந்தே நம்பவைத்தேன். இப்போது சரியாக இருக்கிறது. இதை எழுதிவிட்டு வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பாதி வாக்குமூலம் கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது.

போன வார விசாரணைக்கு மறுநாள் ரேடியோ என்னைப் பார்க்க வந்தாள். கணவர் என்மேல் புகார் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தாள். "அவருக்கு விவரம் தெரியாதுடி, மனசுல வச்சுக்காத" என்றாள். இப்போது அவள் மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிறாள். அவள் பழைய நாற்காலியில் வேறொரு மாணவி வந்துவிட்டதால் நின்றுகொண்டே பேசினாள். அன்று நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாகச் செய்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவள் ஏதோ ஞாபகம் வந்தவள்போலச் சொன்னாள்.

கடைக்கு வருகிறவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் மருந்தை முதலில் கேட்பதில்லையாம். தலைவலி மாத்திரை, இருமல் மருந்து என்று வேண்டாததை எல்லாம் சத்தமாகக் கேட்டு வாங்கிவிட்டு, காசை எடுக்கும்போது கடைசியாக, மெல்லிய குரலில் அதைக் கேட்பார்களாம். அந்த நேரத்தில் பின்னால் இன்னொருவர் வந்து நின்றுவிட்டால் கேட்காமலே போய்விடுவார்களாம். வேண்டாத மாத்திரைகள் எங்கே அதிகம் விற்கிறதோ அங்கே வேண்டிய மருந்து கிடைக்காமல் போகிறவர்கள் அதிகம் இருக்க வேண்டும் என்றாள். யாரும் கவனித்திராத விஷயம் மேடம். நான் அசந்துபோனேன். பழைய ரேடியோ ஒரு நொடி வந்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. உடனே அவள் முகம் சுருங்கியது. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இது நானா யோசிச்சதாடி, இல்ல நீ எப்பவாவது சொன்னதா?"

அவளுக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது என்று தெரியும். வாயைத் திறந்தேன்.

"நான் சொன்னதுதான்" என்றேன்.

அவள் முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. "அதானே பார்த்தேன்" என்று தலையாட்டினாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். மாடிப்படி இறங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடலாம் கூப்பிடலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது உங்கள் குழுவின் கையில் இருக்கிறது. நான் மேல்முறையீடு செய்ய மாட்டேன். அந்த மருந்துக்கடை விஷயத்தை வைத்து எழுதும் புதிய கட்டுரை பாதி ஆகிவிட்டது, அதை முடிக்க மட்டும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். இந்த முறை நன்றியுரையில் அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். அவ்வளவு நல்ல யோசனை வீணாகப் போகக் கூடாது மேடம். அவள் இனி எழுத மாட்டாள், யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்.